கல்லறைத் திருநாளைப் படம் எடுக்க வேண்டும், ஊருக்கு வர முடியாதவர்களுக்காக

உப்பளத்தான்:

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். அப்பா, தாத்தா, ஆச்சி, பெரியப்பா நால்வரும் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மணலில் கால் புதையப் புதைய நடக்க முடியாது என்று இந்த முறை கோயம்புத்தூரிலேயே தங்கிவிடுகிறார். அக்கா தோகாவில், சித்தப்பா குடும்பம் மஸ்கட்டில். ஆகவே வெள்ளையடிப்பது, பூ வைப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, படம் எடுத்து அனுப்புவது எல்லாம் என் தலையில்.

என்னென்ன எடுக்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். "எல்லாவற்றையும்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று திரும்பக் கேட்டதற்குத் திட்டு விழுந்தது. போன வருடம் ஒன்றுவிட்ட தம்பி செல்போனில் எடுத்து அனுப்பிய படங்களில் சுடர்கள் எல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டுகள், ஆட்கள் எல்லாம் இருட்டு. அக்காவுக்கு அதில் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 35 மிமீ 1.8. மாலையில் போனால் போதுமா, பகலிலும் போக வேண்டுமா? அப்பாவின் கல் பளபளப்பான கறுப்பு கிரானைட். எப்போது எடுத்தாலும் அதில் என் உருவமும் வானமும்தான் விழுகின்றன, பெயர் தெரிவதில்லை. பக்கத்துக் கல்லறைகளில் அழுதுகொண்டிருப்பவர்கள் படத்துக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது? கூட வரும் நண்பன் ட்ரோன் கொண்டுவருவதாகச் சொல்கிறான். மேலிருந்து ஆயிரம் விளக்குகள் தெரியுமாம்.


பழைய ஸ்டுடியோக்காரர்:

தம்பி, ட்ரோனை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி அது பறக்கலாமா கூடாதா என்பது உன் நண்பனின் கவலை. என் கவலை வேறு. தாழப் பறந்தால் அதன் காற்றில் மெழுகுவர்த்தி அணையும், உயரப் பறந்தால் அதன் இரைச்சலில் செபம் அணையும். மேலிருந்து பார்த்தால் ஆயிரம் விளக்கு தெரியும், உண்மை. உன் அப்பாவின் விளக்கு எது என்று உன் அக்காவுக்குத் தெரியுமா?

நாகர்கோவில் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். ஃபிலிம் காலத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது வந்து, "கல்லறையில் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும்" என்று கூப்பிடுவார்கள். அதனால் சொல்கிறேன்: எல்லோரும் மாலை ஆறு மணிக்குக் கேமராவோடு வருகிறார்கள். அப்போது வேலை எல்லாம் முடிந்திருக்கும். நீ முதல் நாளே போ. முதல் தேதி சகல புனிதர் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் ஊரில் பாதிப்பேர் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கல்லறைத் தோட்டத்தில்தான் நிற்பார்கள். முள் வெட்டுவார்கள், சரிந்த மணலைக் கூட்டி மேடு கட்டுவார்கள், சிலுவைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பிள்ளைகள் பாதி வேலையும் பாதி விளையாட்டுமாக இருப்பார்கள். அழுகை குறைவு, பேச்சு அதிகம். இறந்துபோனவர்களைப் பற்றி ஆட்கள் சிரித்துப் பேசுவதை அன்றைக்குத்தான் கேட்கலாம். நல்ல முகங்கள் அங்கே கிடைக்கும்.

கல்லுக்கு வருகிறேன். கறுப்பு கிரானைட் கண்ணாடி மாதிரிதான். நேரே நின்றால் நீதான் தெரிவாய். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, கல்லுக்கு எதிர்ப்பக்கம் ஒருவரைக் கறுப்புக் குடையையோ கருந்துணியையோ விரித்துப் பிடிக்கச் சொல். உன் கண்ணுக்குக் கல்லில் வானம் தெரிந்த இடத்தில் இப்போது குடையின் கறுப்பு தெரியும், எழுத்து மட்டும் மேலே எழும்பி நிற்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் திருப்பிப் பார், ஓரளவு உதவும். குடையின் உதவி அதைவிடப் பெரிது, விலையும் குறைவு.

தாத்தா, ஆச்சியின் கல் பழைய சிமெண்டுக் கல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் செதுக்கிய எழுத்து மங்கியிருக்கும். அதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். உங்கள் ஊரில் கடல் கிழக்கே. காலை ஆறேகாலிலிருந்து ஏழு மணி வரை சூரியன் தாழ இருந்து அடிக்கும். நவம்பரில் அது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி நிற்பதால், கல் தெற்கைப் பார்த்து நின்றால் அந்த வெயில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் போட்டுக் கொடுக்கும். வேறு திசை என்றால் இருட்டிய பிறகு போய், செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி. பகலில் படிக்க முடியாத பிறந்த தேதி அப்போது தெரியும். எழுத்தின் மேல் சுண்ணாம்பு, பவுடர், சோப்பு நுரை எதுவும் தேய்க்காதே. சிலர் செய்கிறார்கள், சிமெண்டு அரித்துக்கொண்டு போகிறது.

மரச்சிலுவை மட்டும் உள்ள மேடுகள் உன் குடும்பத்தில் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றையும் எடு. உப்புக்காற்றில் மரம் நெடுநாள் தாங்காது, பெயிண்டில் எழுதிய பெயர் அதற்கும் முன்னால் போய்விடும். எடுக்கும்போது நடுவில் இருக்கும் பெரிய சிலுவையும் ஓரமாகத் தெரியும்படி எடு. அங்கிருந்து எந்தத் திசையில், எத்தனை காலடி தூரம் என்று ஒரு தாளில் குறித்து வை. இடப் பற்றாக்குறையால் பழைய குழியையே மறுபடி திறக்கும் ஊர்கள் பல. நாளைக்கு "எங்கள் ஆச்சி எங்கே" என்ற கேள்வி வந்தால் உன் படம்தான் பதில்.

இனி மாலை. அன்று உங்கள் பக்கம் சூரியன் 5:55 வாக்கில் மறையும். அதன்பின் இருபது நிமிடம்தான் உனக்கு. வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும், சுடரும் தெரியும், முகமும் தெரியும். முழுக்க இருட்டிய பிறகு எடுப்பதுதான் உன் தம்பியின் படத்தில் நடந்தது. 35 மிமீ லென்ஸைப் போடு. மேனுவலில் எஃப் 2 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் வெளிச்சம் கூடும், பின்புறம் கலங்கும்), 1/100 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200 என்று தொடங்கு. பக்கத்தில் சீரியல் விளக்கோ எல்இடி போக்கஸ் விளக்கோ கட்டியிருந்தால் 1/100 அல்லது 1/50-ஐ விட்டு நகராதே; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழும். வெளிச்ச அளவை முகத்துக்கு வை, சுடர் வெளுத்துப் போனால் போகட்டும். ரா கோப்பாக எடு, நிறத்தைப் பிறகு திருத்தலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தின் நிறம் 1,900 கெல்வின் அளவில், நல்ல மஞ்சளாக இருக்கும். அதை முழுக்கத் திருத்தி வெள்ளையாக்கிவிட்டால் டியூப் லைட்டில் எடுத்தது போல ஆகிவிடும். 3,000 பக்கம் வைத்துப் பார், மஞ்சள் கொஞ்சம் இருக்கட்டும்.

ஃபிளாஷ் கிடையாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் கேமராவின் முன்புறம் ஃபோகஸுக்கு உதவ ஒரு சிறு விளக்கு இருக்கிறது, இருட்டில் தானாகவே எரிந்து செபம் சொல்பவர் முகத்தில் அடிக்கும். மெனுவில் போய் அதை அணை. ஃபோகஸ் ஆனதும் போடும் "பீப்" சத்தத்தையும் அணை. திரையை மடக்கித் திருப்பலாம் அல்லவா, அதைத் திருப்பிக் கேமராவைச் சுடரின் உயரத்துக்கு இறக்கு. எல்லோரும் குனிந்தும் உட்கார்ந்தும் இருக்கும் இடத்தில் நின்றபடி எடுத்தால் தலைகளின் படம்தான் கிடைக்கும். ட்ரைபாட் வேண்டாம், இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

கடைசியாக ஒன்று. பங்குச்சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து, அதாவது செபம் சொல்லி ஆசீர்வதித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். உன் அப்பாவின் கல்லறைக்கு வரும்போது கேமரா உன் கையில் இருக்கக் கூடாது. முன்னாலேயே அளவெல்லாம் வைத்து நண்பனிடம் கொடுத்துவிடு. ட்ரோனை விட்டுவிட்டு வந்தால் அவனுக்கும் ஒரு வேலை கிடைக்கும். அப்பாவின் கல்லறையில் மகன் நிற்கிறான் என்பதுதான் உன் அம்மா பார்க்க விரும்பும் படம். அதை நீயே எடுக்க முடியாது.


தெருப்படக்காரன்:

அண்ணாச்சி சொன்ன தொழில்நுட்பம் அருமை. அழுபவர்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்து: கூட்டம் கூடும் பொது விழாவில் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. கேட்ட உடனே முகம் மாறிவிடும், உண்மை போய்விடும். 200 மிமீ லென்ஸ் இருந்தால் தூரத்தில் நின்று எடுங்கள். யாருக்கும் தொந்தரவில்லை.


மேற்குக்கரையாள்:

தொந்தரவு இருக்கிறது. நான் அந்த 200 மிமீ லென்ஸின் மறுமுனையில் இருந்த வீட்டைச் சேர்ந்தவள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் ஊர். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் என் அக்காவின் கணவர் கடலில் போனார். உடல் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் இப்படிப் பலர். உடல் இல்லையென்றால் குழி இல்லை, குழி இல்லையென்றால் வெள்ளையடிக்கவும் பூ வைக்கவும் இடம் இல்லை. கல்லறைத் திருநாளன்று அக்கா தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைப்பாள். அவளைப் போல் இன்னும் சிலர் அங்கே வருவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஒரே குழியில் பலரைச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அவர்களுக்காவது "இங்கே" என்று காட்ட ஓர் இடம் இருக்கிறது என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு வருடம் அவள் நடுச் சிலுவையடியில் அழுததை யாரோ தூரத்திலிருந்து எடுத்தார். மறுநாள் அது ஒரு செய்திப் பக்கத்தில் வந்தது. அதில் அவள் "கணவரின் கல்லறையில் கண்ணீர் விடும் பெண்". அவளுக்கு எது இல்லையோ அதையே தலைப்பில் கொடுத்திருந்தார்கள். பிறகு அந்தப் படம் வேறு ஊர், வேறு விபத்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவள் மகன் பள்ளியில் இருந்து வந்து கேட்டான். அடுத்த வருடம் அவள் தோட்டத்துக்கு வரவில்லை, வீட்டில் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி வைத்தாள்.

அனுமதி கேட்டால் முகம் மாறிவிடும் என்கிறீர்கள். சரிதான், அழும்போது வந்து கேட்டால் மாறும். அழுது முடித்த பிறகு வந்து கேட்டால் படம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதற்குப் பெயர் கேட்பது இல்லை. ஸ்டுடியோக்காரர் அண்ணன் சொன்னது போல முதல் நாளே வாருங்கள். வெள்ளையடிக்கும்போது பேசுங்கள், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள், வாளியைத் தூக்கிக் கொடுங்கள். எங்கள் ஊரில் யாரும் "எடுக்காதே" என்று எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. எங்கே போடுவாய் என்றுதான் கேட்பார்கள். குடும்பத்துக்கு மட்டும் என்றால் அப்படிச் சொல்லுங்கள், பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். முகநூலில் போட நினைத்தால் அதையும் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டம் தெரு அல்ல, பங்குக்குச் சொந்தமான நிலம். பங்குத்தந்தைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

தம்பி, உன் அக்காவுக்காக எடுக்கிறாய் என்றால் தாராளமாக எடு. எங்கள் வீட்டில் யாரும் படத்துக்கு எதிரி இல்லை. அத்தானின் கல்யாணப் படம் இல்லையென்றால் அவர் முகமே சின்னவளுக்குத் தெரிந்திருக்காது.


தெருப்படக்காரன்:

அக்கா, முதல் நாள் போய்ப் பேசுவது பற்றி நான் யோசித்ததில்லை. தெருவில் அதற்கு வழியில்லை, இங்கே இருக்கிறது. என்றாலும் முதுகுப்புறமாக, முகம் தெரியாமல் எடுப்பதில் தவறில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன்.


மேற்குக்கரையாள்:

முதுகை வைத்தே எங்கள் ஊரில் எல்லோரையும் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆனால் வெளியூரில் கண்டுபிடிக்க முடியாது, அதுவரை சரி.


குவைத் நர்ஸ்:

நான் படம் எடுப்பவள் இல்லை, படம் வந்து சேரும் இடத்தில் இருப்பவள். ஊரில் மாலை ஆறு மணிக்கு மந்திரிக்கிறார்கள் என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை, வார்டில் டியூட்டி. வீடியோ அழைப்பு எடுக்க முடியாது. எடுத்தாலும் அந்த நேரத்தில் தோட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைப்பதால் சிக்னல் திக்கித் திக்கி, அண்ணனின் மூக்கு மட்டும் தெரியும். ஆகவே இரவு வந்து படங்களைப் பார்ப்பேன்.

உப்பளத்தான், உங்கள் அக்கா "எல்லாவற்றையும்" என்று ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது எங்கள் அம்மாவின் கல்லறையை இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கல்லறைக்கு யார் வந்திருக்கிறார்கள், பெரிய வீட்டுச் சண்டைக்காரர்கள் இந்த வருடமாவது சேர்ந்து நிற்கிறார்களா, எங்கள் சித்தி இளைத்துவிட்டாரா, போன வருடம் இல்லாத புது மேடு எங்கே, அது யாருடையது, இதையெல்லாம்தான் தேடுவேன். நடுவில் அம்மாவின் கல், பின்னால் எல்லாம் கலங்கலாக என்று அழகாக எடுத்து அனுப்புகிறான் அண்ணன் மகன். பின்னால் கலங்கியிருப்பதுதான் எனக்கு வேண்டியது! அந்த 1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

பகலில் வாசல் கேட்டில் தொடங்கி, நடுச் சிலுவை, அங்கிருந்து திரும்பும் இடம், பிறகு கல்லறை என்று நடந்து போகும் வழியில் நாலைந்து படம் எடுங்கள். பார்ப்பவர்களும் கூடவே நடப்பார்கள். ஒரு நிமிடம் சத்தம் மட்டும் பதிவு செய்யுங்கள். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று உபதேசியார் தொடங்கியதும், ஆளுக்கொரு வேகத்தில் ஊர் பதில் சொல்வது எந்தப் படத்திலும் வராது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும், பெரிதாக்கினால் ஒன்றும் தெரியாது.


உப்பளத்தான்:

அக்காவிடம் குவைத் சகோதரி எழுதியதை அனுப்பினேன். "இதைத்தானே நானும் சொன்னேன்" என்று பதில் வந்திருக்கிறது. சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அம்மாவிடமும் பேசினேன். ஆச்சியின் பக்கத்தில் ஒரு மரச்சிலுவை இருப்பதையும், அது பிறந்து சில நாளில் இறந்த என் பெரிய அத்தையுடையது என்பதையும் இப்போதுதான் சொல்கிறார். அதற்குப் பெயரே எழுதியதில்லையாம். நடுச் சிலுவையிலிருந்து காலடிகளை எண்ணி வைக்கிறேன். பங்குத்தந்தைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்திலேயே பூசை, அதன்பின் மந்திரிப்பு, பூசை நேரத்தில் மட்டும் பீடத்துக்கு முன்னால் வர வேண்டாம் என்றார். நண்பன் ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சம்மதித்தான், கொஞ்சம் முகம் சுருங்கியது.

அண்ணாச்சி, இரண்டு கேள்வி மிச்சம். பின்னால் நிற்பவர்களும் தெளிவாக வேண்டும் என்றால் எஃப் 2 வைத்து எப்படி? மழை வந்தால்?


பழைய ஸ்டுடியோக்காரர்:

குவைத்தில் இருக்கும் மகள் சொன்னது சரி. நான் சுடர்வெளிச்ச முகத்தையே நினைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு வகையாக எடு. ஐந்தே முக்காலுக்குள், வெளிச்சம் இருக்கும்போதே 18-55-ஐ 18-இல் வைத்து எஃப் 8, நாலு பக்கமும் திரும்பி எல்லோரையும் எடுத்து முடி. அழகு பார்க்காதே, ஆள் தெரிந்தால் போதும். பிறகு 35-க்கு மாறு. அதிலும் கூட்டத்தைப் பார்த்து எடுக்கும்போது எஃப் 4-க்குப் போய் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்று. இன்னும் இருட்டாக இருந்தால் 1/50-க்கு இறக்கலாம், நிற்பவர்கள் அசையாத நேரம் பார்த்து அழுத்து. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். லென்ஸ் மாற்றுவதைக் காற்று மறைவில், பைக்குள் கையை விட்டுச் செய். மணல் உள்ளே போனால் சென்சாரைத் துடைக்கச் செலவாகும்.

மழை வரும் என்றே வைத்துக்கொள், நவம்பர் அல்லவா. கேமராவுக்குக் குளியல் தொப்பி போதும், எலாஸ்டிக் வைத்தது. கல்லுக்காகக் கொண்டுபோகும் கறுப்புக் குடை அப்போது சாமியாருக்கும் உதவும். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. மணலில் ஒரு சாண் பள்ளம் தோண்டி அதற்குள் வைத்தால் காற்று அதிகம் படாது, குனிபவர் முகத்தில் கீழிருந்து வெளிச்சம் விழும், படத்துக்கும் நல்லது. சுடருக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பும் துப்பட்டாவுமாக இருப்பவர்கள்மேல் ஒரு கண் வைத்துக்கொள். படம் போனால் போகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஈரம் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடை, உப்பு உட்கார்ந்துவிடும். மெழுகு எங்காவது ஒட்டியிருந்தால் சூட்டோடு துடைக்காதே, ஆறி இறுகட்டும், பழைய ரீசார்ஜ் கார்டு ஒன்றால் நெம்பினால் வந்துவிடும்.

பூவுக்கு நாகர்கோவில் வழியாக வருவதானால் தோவாளைச் சந்தையில் அதிகாலையில் வாங்கு, அன்று செவ்வந்தி விலை ஏறித்தான் இருக்கும். பெயர் எழுதாத சிலுவைக்கு உன் அம்மாவிடம் பெயர் கேட்டுவிட்டுப் போ, கையோடு கொஞ்சம் கறுப்புப் பெயிண்டும் சின்ன பிரஷும் எடுத்துக்கொள்.